காமிக் கானில் ஒரு குமிழித் தமிழ்

வாரயிறுதிக் காலை. பேஃபிரண்ட் எம்ஆர்டி நிலையத்தில் ஸ்பைடர்மேன் ஒருவர் பயண அட்டையைத் தட்டிவிட்டு வெளியேறுகிறார். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிங்கப்பூர் காமிக் கான் நடக்கும் நாள்களில் இது சாதாரணக் காட்சி. மரினா பே சேண்ட்ஸ் கண்காட்சி மண்டபத்தை நோக்கிப் போகும் வழியில் மாங்கா நாயகிகளும் விண்வெளி வீரர்களும், பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பெற்றோரும் ஒரே கூட்டமாகச் செல்வார்கள்.

பொம்மை, விளையாட்டு, வரைகதை ஆகிய மூன்றையும் பெயரில் தாங்கி 2008ல் தொடங்கிய மாநாடு இது. 2019ல் இப்போதைய பெயரைப் பெற்றது. உலகில் இத்தகைய மாநாடுகளுக்கெல்லாம் பெரியண்ணன் என்று சொல்லத்தக்கது அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நடப்பது. 1970ல் ஒரு ஹோட்டலில் சில நூறு ரசிகர்களுடன் தொடங்கிய அதற்கு, இப்போது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருகின்றனர். நமக்குப் பக்கத்தில் கோலாலம்பூரின் காமிக் ஃபியெஸ்டா 2002 முதல் நடந்து வருகிறது.

“அங்கே போய் அப்படி என்னதான் பார்ப்பே?” என்பது வீட்டில் எழும் முதல் கேள்வி. “பொம்மைக்கா இவ்வளவு காசு?” என்பது இரண்டாவது. இரண்டுமே நியாயமான கேள்விகள்தாம். ஒரு ரசிகனாக நான் அங்கே கண்டதைச் சொல்கிறேன். காசு பெறுமா, பெறாதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

ஒரு மணி நேரமும் அரை நிமிடமும்

மண்டபத்தின் முன்பகுதி பெரிய நிறுவனங்களுக்கு உரியது. கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் நாயகர் சிலைகள், அட்டை விளையாட்டு மேசைகள், காஸ்பிளே போட்டிக்கான மேடை என்று எங்கு திரும்பினாலும் வெளிச்சமும் சத்தமும். காஸ்பிளே உடையில் இருப்பவரைப் படமெடுக்க விரும்பினால் முதலில் கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பல வாரம் தைத்து, ஒட்டி, வண்ணம் தீட்டிய உடை அது. யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அவர்களும் நிற்கிறார்கள்.

வெளிநாட்டு ஓவியர் ஒருவரின் கையொப்பத்துக்காக நான் வரிசையில் நின்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அவர் முன்னால் நான் நின்றது அரை நிமிடம். பெயரைக் கேட்டார், எழுதினார், புன்னகைத்தார், அடுத்தவர் வந்துவிட்டார். வருத்தமில்லை. பல ஆண்டுகள் பக்கம் பக்கமாகப் பார்த்து ரசித்த கோடுகளை இழுத்த கை, என் புத்தகத்தின் மீது ஓடியதை அருகிலிருந்து பார்த்தேன். ரசிகனுக்கு அது போதும்.

ஆனால் எனக்கு அந்த மாநாட்டை மறக்க முடியாததாக்கியது முன்பகுதி அன்று. அங்கே விளக்கு வெளிச்சமும் சற்றுக் குறைவு.

ஓவியர் சந்து

அந்தப் பகுதிக்கு ஆங்கிலத்தில் ‘ஆர்ட்டிஸ்ட் ஆலி’ என்று பெயர். நாம் ‘ஓவியர் சந்து’ என்று சொல்லிக்கொள்வோம். வரிசை வரிசையாக மேசைகள். மேசைக்கு ஒருவர் அல்லது இருவர். தாங்களே எழுதி, வரைந்து, அச்சடித்ததைத் தாங்களே விற்கிறார்கள். இரண்டு மூன்று வெள்ளிக்கு ஒட்டுவில்லைகள், பத்து வெள்ளிக்கு அச்சுப்படங்கள், அவற்றுக்கு நடுவே மெல்லிய வரைகதைப் புத்தகங்கள்.

மேசைக்குப் பின்னால் இருப்பவர்களில் பலர் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள். பகலில் அலுவலக வேலை பார்த்துவிட்டு இரவில் வரைபவர்களும் உண்டு. அவர்கள் சொல்லும் கணக்கும் சுவையானது. ஒட்டுவில்லைதான் மேசை வாடகையைக் கட்டுகிறது. புத்தகம் மெதுவாகத்தான் போகும். ஆனால் அவர்கள் வந்திருப்பதே அந்தப் புத்தகத்துக்காகத்தான்.

முன்பகுதியில் ஒரு மணி நேரம் காத்திருந்தால் அரை நிமிடம் கிடைக்கும். இங்கே காத்திருக்காமலே அரை மணி நேரம் பேசலாம். “இந்தக் கட்டத்தில் ஏன் இவள் முகத்தைக் காட்டவில்லை?” என்று கேட்டால், வரைந்தவரே பதில் சொல்வார். வகுப்பறையில் கிடைக்காத பாடம் அது.

‘நரேம்’ என்றால் என்ன?

அப்படி ஒரு மேசையில் நான் எடுத்துப் புரட்டிய புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. வரைந்தவர் சீனப் பெண். என்னைவிடச் சில வயது மூத்தவர். அவர் வளர்ந்த வீவக அடுக்குமாடியைப் பற்றிய கதை. பள்ளி விட்டு வந்ததும் மின்தூக்கியில் ஏறி, பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பையனோடு தாழ்வாரத்தில் விளையாடி, அவன் வீட்டிலேயே சாப்பிட்டுவிடும் ஒரு சிறுமி. வாசல் கோலம், இரும்புக் கதவின் இடுக்கில் செருகிய நாளிதழ், உலர்த்தும் கழியில் தொங்கும் புடவை என்று ஒன்றையும் அவர் விடவில்லை.

ஒரு பக்கத்தில் பையனின் அம்மா வாசலில் நின்று பேசுகிறார். அந்தப் பேச்சுக் குமிழி மட்டும் தமிழில் இருந்தது. ஆவலோடு படித்தேன், தடுக்கி நின்றேன். ‘நீங்கள் இவ்வளவு நரேம் எங்க’ என்று இருந்தது. ‘எங்கே’யின் கொம்பு தனியாகக் கழன்று, கேள்விக்குறி போல ஓர் ஓரத்தில் நின்றது. ‘நேரம்’தான் ‘நரேம்’ ஆகியிருந்தது.

உடைந்த தமிழைப் பொது அறிவிப்புகளில் எப்போதாவது பார்த்துப் பல்லைக் கடித்தவர்கள் நம்மில் பலர். அதைப் படமெடுத்து, கோபத்தோடு நண்பர்களுக்கு அனுப்புவதும் வழக்கம். ஆனால் இங்கே எனக்குக் கோபம் வரவில்லை. தமிழ் தெரியாத ஒருவர், ஒரு தமிழ் அம்மாவைத் தமிழிலேயே பேச வைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். ஆங்கிலத்தில் எழுதிவிட்டுப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை.

விவரத்தைச் சொன்னேன். அவர் முகம் சட்டென்று வாடியது. மேசைக்கு அடியில் இருந்த பையைத் திறந்து, உறையிட்ட ஒரு பிரதியைக் காட்டினார். “இது அந்த அம்மாவுக்கு. அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் படிக்க வராது. இந்தப் புத்தகத்தில் அவரால் படிக்க முடிந்தது இந்த ஒரு குமிழிதான்,” என்றார்.

இரண்டு பிழைகள்

அவர் இணையத்தில் மொழிபெயர்த்து, அதை ஓவிய மென்பொருளில் ஒட்டியிருக்கிறார். நடந்தவை இரண்டு பிழைகள்.

முதலாவது, எழுத்துப் பிழை. ‘நே’ என்று எழுதும்போது நம் கை முதலில் கொம்பைப் போட்டு, பிறகு ‘ந’வை எழுதுகிறது. கணினி அப்படிச் செய்வதில்லை. அதன் நினைவில் முதலில் ‘ந’, அதன்பின் கொம்பு. திரையில் காட்டும்போது கொம்பை முன்னால் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருள், கொம்பை இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறது. அது அடுத்து வரும் ‘ர’வோடு ஒட்டிக்கொள்ள, ‘நேரம்’ ‘நரேம்’ ஆகிறது. கைப்பேசியில் சரியாகத் தெரிந்த அதே வரி, அச்சில் உடைந்து வருவதற்குக் காரணம் இதுதான். இன்டிசைன், ஃபோட்டோஷாப் போன்ற அடோபி மென்பொருள்களில் இதற்கென்றே ‘வேர்ல்ட் ரெடி’ என்ற அமைப்பு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். பள்ளிச் சஞ்சிகைக்கோ சுவரொட்டிக்கோ பக்கம் வடிவமைக்கும் மாணவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது பிழையை எந்த மென்பொருள் அமைப்பும் திருத்தாது. குமிழியில் இருந்த முழு வாக்கியம் இது: ‘நீங்கள் இவ்வளவு நேரம் எங்கே இருந்தீர்கள்? உணவு ஏற்கெனவே குளிர்ந்துவிட்டது.’ இலக்கணப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் எந்த அம்மா பத்து வயது மகனை ‘நீங்கள்’ என்று அழைத்து ‘இருந்தீர்கள்’ என்பார்? அதுவும் கோபமாக இருக்கும்போது? நம் வீட்டில் சோறு குளிர்வதும் இல்லை, ஆறும். குளிர்வது தண்ணீரும் காற்றும்.

விலை ஒட்டும் வெள்ளைத்தாள் சுருள் ஒன்று அவரிடம் இருந்தது. குமிழியின் அளவுக்கு வெட்டித் தந்தார். கறுப்புப் பேனாவை வாங்கி எழுதினேன்.

“எங்கடா போனே இவ்வளவு நேரம்? சோறு ஆறிப்போச்சு!”

என்ன எழுதினேன் என்று கேட்டார். படித்துக் காட்டினேன். ‘டா’ என்றதும் அவர் சிரித்துவிட்டார். “அந்த ‘டா’ எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதைக் கேட்டதும் நாங்கள் இருவரும் ஓடுவோம்,” என்றார்.

மேசையில் மீதமிருந்த பிரதிகள் ஒவ்வொன்றிலும் அந்த ஒரு வரியை எழுதி ஒட்டினோம். உறையிட்ட பிரதியைக் கடைசியாகப் பிரித்தோம். அதில் மட்டும் நான் மிக மெதுவாக எழுதினேன்.

குமிழிக்கு ஏற்றது பேச்சுத்தமிழ்

எழுதும்போது ஒன்று புரிந்தது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. சின்னக் குமிழிக்குள் அடங்காது என்று சொல்வார்கள். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்ற சொல்லை ஒரு குமிழிக்குள் உடைக்காமல் வைத்துப் பாருங்கள், கஷ்டம் தெரியும். ஆனால் கதை மாந்தர் அப்படியா பேசுவார்கள்? ‘வந்துட்டிருக்கேன்’ என்பார்கள், அவசரம் என்றால் ‘தோ வர்றேன்’ என்பார்கள். பேச்சுத்தமிழ் தன்னைத்தானே சுருக்கிக்கொள்கிறது.

வாய்மொழித் தேர்வுக்குப் பேச்சு, கட்டுரைக்கு எழுத்து என்று இரண்டையும் நாம் தனித்தனிப் பெட்டியில் வைத்துப் பழகிவிட்டோம். வரைகதையில் இரண்டும் ஒரே பக்கத்தில் நிற்கும். கட்டத்தின் மேலே கதை சொல்லும் வரி எழுத்துத்தமிழில் இருக்கலாம். கீழே குமிழிக்குள் பாட்டி பேசுவது பாட்டியின் தமிழாகவே இருக்கும். எது எங்கே பொருந்தும் என்று இதைவிட எளிதாகக் கற்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஆங்கில வரைகதைகளில் பெரும்பாலும் பெரிய எழுத்துகளையே பயன்படுத்துகிறார்கள். அவை எல்லாம் ஒரே உயரம். தமிழில் ‘கீ’ மேலே சுழிக்கிறது, ‘கூ’ கீழே இறங்குகிறது. அதனால் வரிகளுக்கு நடுவே கூடுதல் இடம் விட வேண்டும். குமிழியைக் கொஞ்சம் பெரிதாக வரைந்துவிட்டால் தீர்ந்தது.

சத்தங்களின் மொழி

ஒட்டி முடித்ததும் அந்த ஓவியர் தம் அடுத்த புத்தகத்தின் பென்சில் படங்களைக் காட்டினார். பல கட்டங்களில் சத்தத்துக்கான இடம் காலியாக இருந்தது. “உங்கள் மொழியில் இரும்புக் கதவை ஆட்டினால் என்ன சத்தம் வரும்?” என்று கேட்டார்.

“கடகட,” என்றேன்.

“படியில் ஓடி வந்தால்?”

“தடதட.”

“தகரக் கூரையில் மழை?”

“சடசட.”

“யாராவது வழுக்கி விழுந்தால்?”

“தொபுக்கடீர்.”

அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது.

உயர்நிலைப் பள்ளியில் இரட்டைக்கிளவியை ஐந்து மதிப்பெண்ணுக்காகப் படித்தது நினைவுக்கு வந்தது. ‘சலசல’ என்பதைப் பிரித்து ‘சல’ என்று மட்டும் சொன்னால் பொருள் இல்லை. தொல்காப்பியமே இரட்டைக்கிளவியைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் அன்று கேள்விக்கு விடையாக இருந்தது, இப்போது ஓர் ஓவியரின் கையில் கருவியாக இருந்தது. ஓடை சலசலக்கும், கூரையில் மழை சடசடக்கும். இரண்டும் தண்ணீர்தான். இடையின ‘ல’வை வல்லின ‘ட’வாக மாற்றியதும் தண்ணீர் விழும் இடமே மாறிவிடுகிறது. ஜப்பானிய மாங்காவில் சத்தச் சொற்களைப் படத்தின் ஒரு பகுதியாகவே வரைவார்கள். அதற்குத் தேவையான சரக்கு நம்மிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறது. மூட்டையை அவிழ்க்கத்தான் ஆளில்லை.

முகம் வந்தது, மொழி?

தமிழுக்கும் வரைகதைக்கும் உறவு புதிதன்று. 1947ல் அம்புலிமாமா வந்தது. 1972ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ், ஒரு பிரிட்டிஷ் நாயகனை ‘இரும்புக்கை மாயாவி’ ஆக்கித் தமிழ் பேச வைத்தது. 1984ல் லயன் காமிக்ஸ் வந்தது. நம் அப்பாக்கள், சித்தப்பாக்கள் தலைமுறையில் பலர் அவற்றை மறைத்து வைத்துப் படித்தவர்கள். கேட்டுப் பாருங்கள், கண்கள் மின்னும்.

உலக வரைகதையிலும் நம் சாயல் உள்ள முகங்கள் வரத் தொடங்கிவிட்டன. 2004ல் மார்வெலின் இந்திய ஸ்பைடர்மேன் பவித்ர் பிரபாகர் அறிமுகமானார். 2023ல் திரைக்கு வந்து, இந்தியாவில் தமிழ் உட்படப் பத்து மொழிகளில் பேசினார். ஆனால் ஈசூனிலோ கிள்ளானிலோ வளரும் ஒரு தமிழ்ப் பிள்ளையின் நாள், அந்தப் பிள்ளையின் மொழியிலேயே வரைகதையாக வேண்டுமானால், அதை மார்வெல் செய்து தராது. நான் சுற்றி வந்த மேசைகளில் தமிழில் கண்டது அந்த ஒரு குமிழியைத்தான். அதையும் எழுத நினைத்தவர் ஒரு சீனப் பெண்.

இந்த வட்டாரத்திலிருந்து உலகை எட்ட முடியாது என்று சொல்ல முடியாது. சிரம்பானில் பிறந்து சிங்கப்பூரில் வாழும் சோனி லியூவின் ‘தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹோக் சாய்’ 2015ல் வெளிவந்தது. மறு ஆண்டு சிங்கப்பூர் இலக்கியப் பரிசை வென்றது. 2017ல் சான் டியேகோ மாநாட்டில் வழங்கப்படும் ஐஸ்னர் விருதுகளில் மூன்றைப் பெற்றது. அதன் கதைக்களம் முழுக்க இந்தத் தீவுதான். மலேசியாவின் லாட், கம்பத்துச் சிறுவனின் வாழ்க்கையை வரைந்து 1979ல் ‘கம்போங் பாய்’ தந்தார். அவருடைய முதல் வரைகதைப் புத்தகம் வெளிவந்தபோது அவருக்கு வயது 13.

ஒரு தாள் போதும்

தொடங்குவதற்கு விலை உயர்ந்த வரைபலகை தேவையில்லை. ஒரு ஏ4 தாள் போதும். அதை மூன்று முறை பாதியாக மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். பிறகு குறுக்காக ஒரு முறை மடித்து, மடிப்பு விளிம்பின் நடுவிலிருந்து அடுத்த மடிப்புக் கோடு வரை மட்டும் கத்தரியுங்கள். தாளைப் பிரித்து, நீளவாக்கில் மடித்து, இரு முனைகளையும் நடுவை நோக்கித் தள்ளினால் வெட்டிய இடம் விரிந்து நாலு இதழ்களாகும். அவற்றை ஒரே பக்கமாகச் சுற்றி மடித்தால் எட்டுப் பக்கப் புத்தகம் தயார். பசையும் வேண்டாம், தையலும் வேண்டாம். முன் அட்டையும் பின் அட்டையும் போக, கதைக்கு ஆறு பக்கம். நகல் இயந்திரத்தில் ஒரு பக்கம் எடுத்தால் ஒரு பிரதி. ஓவியர் சந்தில் பலரின் முதல் புத்தகம் இப்படித்தான் பிறந்தது என்கிறார்கள்.

படம் வரைய வரவில்லை என்றால் வரையத் தெரிந்த நண்பரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; வரைகதையில் எழுதுபவரும் வரைபவரும் வேறு வேறாக இருப்பது வழக்கம்தான். நண்பருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருகிறது, டிசம்பரில் காமிக் கான் வருகிறது. இரண்டுக்கும் நடுவே ஆறு பக்கத்துக்கு ஏராளமான நாள்கள் இருக்கின்றன.

கதைக்குப் பெரிய வீரரைத் தேட வேண்டாம். காலையில் பள்ளிப் பேருந்துக்கு ஓடும் தம்பியோ, சந்தையில் மீன் விலை பேசும் பாட்டியோ போதும். முதல் பக்கத்தில் யார் பேசப்போகிறார் என்று முடிவு செய்யுங்கள். அவர் வீட்டில் எப்படிப் பேசுவாரோ, அப்படியே பேச விடுங்கள்.